பாதித் தையல்

அந்த ஊரின் ஓவியக் கூடங்களில் மாட்டியிருக்கும் மனிதர்களுக்கு வயதாகும். ஊர்க்காரர்களுக்கு இது குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப்போலத் தெரிந்த விஷயம். ஆகவே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. படத்தில் இருப்பவர்கள், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது இமைகூட அசைக்கமாட்டார்கள். கூடத்தைப் பூட்டிவிட்டுப் போய் மறுநாள் திறந்தால் யாரோ ஒருவருக்குக் காதோரம் நரைத்திருக்கும், யாரோ ஒருத்திக்குக் கன்னம் ஒட்டியிருக்கும். உடம்பு வளரும், தளரும். உடுப்பு மட்டும் வரைந்தது வரைந்தபடியே இருக்கும். அதனால் அந்த ஊர் ஓவியர்கள் குழந்தைகளை வரையும்போது கழுத்திலிருந்து கால்வரை ஒரு பெரிய சால்வையைப் போர்த்தி உட்காரவைத்துவிடுவார்கள். வரையப்பட்டவர் வெளியே இருந்தாலும் செத்தாலும் படத்தில் இருப்பவருக்குத் தனி ஆயுள்; அது முடிந்தவர்கள் ஒரு நாள் படத்தில் இருக்கமாட்டார்கள். நாற்காலியும் அதன்மேல் ஒரு கோட்டும் மட்டும் மிஞ்சும். அவற்றைத் தனிச் சுவரில் மாட்டி, வரவேற்பறைக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லி விற்றுவிடுவார்கள். ஊர் எல்லையில் ஓர் ஆற்றுப் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் படம், தாண்டிய நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும், உலகத்தில் உள்ள மற்றப் படங்களைப்போல. வாங்குகிறவர்கள் எல்லோரும் பாலம் தாண்டிப் போகிறவர்கள் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிய வழியில்லை.

தையல்காரிக்கும் தெரியாது. இருபது வருடங்களுக்கு முன் அவள் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்து, மூன்றாவது கூடத்தில் ஒரு படம் வரையச் சொன்னாள். ஓவியர் வழக்கம்போலச் சால்வையை நீட்டினார். "வளர்ற பிள்ளைம்மா, போர்த்திவிடுங்க," என்றார். தையல்காரிக்குச் சுருக்கென்றது. மகள் போட்டிருந்த இளம்பச்சைக் கவுனை அவள் கண்விழித்துத் தைத்திருந்தாள். கழுத்தில் சுருக்கம், கையில் கொசுவம், விளிம்பில் மூன்று மடிப்பு. மடிப்பு வரையச் சோம்பேறித்தனப்பட்டுக்கொண்டு இந்த மனுஷன் சால்வையை நீட்டுகிறான் என்று நினைத்து, கவுன் முழுசாகத் தெரிய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். உட்காரும்போது ஒரு பொத்தான் தொங்கியது. அவசரமாகத் தைத்து முடித்து, தன் பழக்கப்படி மிச்ச நூலோடு ஊசியைக் கவுனின் நெஞ்சிலேயே குத்திவைத்தாள், எடுக்க மறந்துவிட்டாள். ஓவியர் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் வரைகிறவர். ஊசியையும் வரைந்தார், நூலையும் வரைந்தார்.

படம் காய்வதற்குள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். படத்தை வாங்க யாரும் போகவில்லை. பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை என்று தையல்காரியின் கணவர் வீட்டில் இருந்த புகைப்படங்களை எல்லாம் ஒரே நாளில் எரித்தார். எரித்தோமே என்ற வருத்தத்திலேயே சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப் புகைப்படம் ஒன்று மட்டும் தப்பியது. அதில் மகளின் முகம் கடுகு அளவு. விரலால் தடவித் தடவி அந்தக் கடுகும் அழிந்தது. கடைசியில், மகளின் முகம் தனக்கு ஞாபகம் இல்லை என்பது ஒரு நாள் காலையில் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது தையல்காரிக்குத் தெரியவந்தது. இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும் என்பது தெரியும். ஆனால் அது சொல்லாகத்தான் தெரிந்தது, காதாகத் தெரியவில்லை. அன்று தைக்கக் கொடுத்திருந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு இரண்டு தோழிகள். ஒருத்தி மருந்துக்கடைக்காரி. எல்லோருடைய நோயும் அவளுக்குத் தெரியும், எதையும் வெளியே சொல்லமாட்டாள், மற்றதை எல்லாம் ஓயாமல் சொல்வாள். இன்னொருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், ஊரே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பிறர் ஓட்டும் காரில் உட்கார்ந்து உட்கார்ந்து, தன் வீட்டு நாற்காலியில் இருக்கும்போதும் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே இருப்பாள். வருடத்துக்கு ஒரு நாள் மூவரும் கடையையும் வேலையையும் பூட்டிவிட்டு எங்காவது போய்வருவது வழக்கம். ஓவியக் கூடங்கள் இருக்கும் ஊருக்குப் போகலாம் என்று மருந்துக்கடைக்காரி எத்தனையோ முறை வாய்வரை கொண்டுவந்து விழுங்கியிருக்கிறாள். இந்த முறை தையல்காரியே சொன்னாள்.

"அந்தப் படம் இன்னும் இருக்குமாடீ?" என்று காரில் கேட்டாள்.

"இருந்தா தூக்கிட்டு வந்துடுவோம்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "இல்லன்னா வரைஞ்ச ஆளைத் தூக்கிட்டு வந்துடுவோம்."

"என் கார்ல ஏத்தமாட்டேன்," என்றாள் மாஸ்டர். பாலத்தில் எதிரே வந்த லாரிக்காரனை அவள் திட்டிய திட்டில் பேச்சு அதோடு நின்றது.

முதல் கூடம் சந்தைத் தெருவில், பழைய தானியக் கிடங்கு ஒன்றில் இருந்தது. உள்ளே சுண்ணாம்பு வாசனை. நகரசபைத் தலைவர் ஒருவரின் பெரிய படம் நடுவில் மாட்டியிருந்தது. நூறைத் தாண்டியிருந்த அவர் நாற்காலியில் சரிந்து, வாயைத் திறந்தபடி, மார்பில் பதக்கங்கள் பாரமாகத் தொங்கக் கிடந்தார். எந்த ஓவியன் இப்படி வரைந்தான், அதற்கு இந்த மனிதர் எப்படிச் சம்மதித்தார் என்று மருந்துக்கடைக்காரி வியந்தாள். பக்கத்தில் ஒரு கால்பந்து அணி. நீளமான பெஞ்சில் நான்கு கிழவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார்கள். மீதி பெஞ்சு முழுக்க ஆளில்லாத பனியன்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு கல்யாணப் படத்தில் பெண்ணின் இடத்தில் கல்யாணப் புடவையும் அதன்மேல் பூச்செண்டும் மட்டும் கிடந்தன, மாப்பிள்ளை தலை நரைத்து அந்தப் பக்கமே திரும்பியிருந்தார். தையல்காரி அந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். மாஸ்டருக்கு நாற்காலியும் பழுப்புக் கோட்டுமாக இருந்த ஒரு படம் மிகவும் பிடித்துப்போயிற்று. மனுஷ மூஞ்சி இல்லாதது நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லி, பயிற்சி நிலையத்தில் மாட்ட அதை வாங்கிக்கொண்டாள். விற்றவர் அதைத் துணியில் சுற்றும்போது ஒரு கணம் தலை குனிந்து நின்றதை, நூல் அறுக்கிறார் என்று நினைத்தார்கள்.

இரண்டாவது கூடத்தில் இயற்கைக் காட்சிகள் மட்டும்தான். ஆனால் வீடுகளையும் பாதைகளையும் காணவில்லை, எல்லாச் சட்டங்களிலும் ஒரே புதர். கூடத்துக்காரப் பெண், கவனிக்க ஆளில்லை, வெட்ட வெட்ட வளருது என்று பொதுவாக வருத்தப்பட்டாள். மூவரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து டீ குடித்தபோது தையல்காரி தன் டீயை ஆறவிட்டு ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரி தன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது கூடம் ஆற்றோரம், படியேறிப் போகும் மாடி. ஓவியரே இன்னும் இருந்தார். தலை முழுக்க வெளுத்து, கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது ஆட்களை வரைவதில்லை, துணிமணி மட்டும்தான் என்றார். தையல்காரி தான் யாரென்று சொல்லும் முன்பே அவர் சாவிக்கொத்தைத் தேடத் தொடங்கினார்.

வாங்கிப்போக ஆள் வராத குழந்தைகளை அவர் பின்னறையில் வைத்திருந்தார். சால்வைக்குள் வளர்ந்த பெரிய மனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். மீசைக்காரர் ஒருவரின் மடியில் ஒரு ரப்பர் பந்து இருந்தது. கடைசியாக ஒரு பெண், முப்பதை நெருங்கியவள், இடுப்புவரை தலைமுடி, கண்ணுக்குக் கீழே மெல்லிய கருமை. ஓவியர் விஷயத்தைச் சொன்னார். வயதாகும் என்றார், பாலத்தைச் சொன்னார், சால்வையைச் சொன்னார், மழை வரும் என்று சொல்கிற குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாஸ்டர் கையில் இருந்த நாற்காலிப் படத்தை மெதுவாகச் சுவரில் சாய்த்துவைத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தையல்காரிக்குக் கோபம் வந்தது. அவள் தேடி வந்தது ஒன்பது வயது முகத்தை. அந்த முகம் மண்ணுக்குள் போனது, நெருப்பில் போனது, இப்போது இங்கேயும் வளர்ந்து போய்விட்டது. எதிரே இருப்பவள் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கக்கூடிய ஒரு பெண், அவ்வளவுதான்.

"இது என் பொண்ணு இல்ல," என்றாள்.

"காதைப் பாருடீ," என்றாள் மருந்துக்கடைக்காரி, அழுதுகொண்டே.

"காது யாருக்கும் மடங்கியிருக்கும்."

ஓவியர் மறுக்கவில்லை. ஜன்னல் கதவை மட்டும் திறந்துவிட்டார். வெளிச்சம் படத்தில் விழுந்தபோது தையல்காரி, ஆளைப் பார்க்காமல், தொழில் புத்தியில் உடுப்பைப் பார்த்தாள். இளம்பச்சைக் கவுன் இப்போது நெஞ்சுப் பகுதியாக மட்டும் இருந்தது. விளிம்பில் அவள் உள்ளே வைத்துத் தைத்த மூன்று மடிப்பும் ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கப்பட்டிருந்தன. மடிப்புக்குள் வெளுக்காமல் கிடந்த துணி மூன்று கோடாக, ஒன்றைவிட ஒன்று அழுத்தமான பச்சையில் தெரிந்தது. அதற்குக் கீழேயும் பக்கங்களிலும் காவி நிறத்தில் துணி ஒட்டுப்போடப்பட்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால், நாற்காலிக்குப் பின்னால் தரைவரை தொங்கிய திரைச்சீலையில் ஒரு சாண்தான் மிச்சம். கத்தரி இல்லாததால் படத்துப் பெண் பல்லால் கிழித்திருந்தாள், ஓரமெல்லாம் பிசிறு. பச்சை நூல் இடுப்புவரை வந்து தீர்ந்திருந்தது. அதற்கப்புறம் தையல் கறுப்பாக இருந்தது. தலைமுடியால் தைத்திருந்தாள். தையல்காரி மூக்குப் படத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். விளிம்புத் தையல் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஒன்பது வயதில் அவள் மகள் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து கந்தல் துணிகளுக்கு ஓரம் அடிப்பாள். இடது கைக்காரி. அவள் தையல் எப்போதும் எதிர்ப்பக்கமாகச் சாயும். "ஊர்ல இல்லாத தையல்" என்று தையல்காரி அதைப் பிரித்துப் போட்டு மறுபடி தைக்கச் சொல்வாள். அப்படி எத்தனை பிரித்திருப்பாள் என்று கணக்கில்லை. இப்போது அறையின் நடுவில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோழிகள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் ஒரு சட்டை வரைஞ்சு குடுத்தேம்மா," என்றார் ஓவியர் தயங்கித் தயங்கி. "போடமாட்டேன்னுட்டா. மடிச்சு நாற்காலிக் காலுக்கு முட்டுக் குடுத்துட்டா, அது ஆடுதுன்னு."

தையல்காரி கீழே பார்த்தாள். ஆடும் நாற்காலிக் காலுக்கு அடியில் ஒரு நீலச் சட்டை நாலாக மடிந்து கிடந்தது. அவர் அதற்கு உள்தையல் வரையவில்லை. உள்ளே ஒரு விரல் துணிகூட விடாத சட்டையைத் தன் மகள் எப்படிப் போடுவாள்? அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்று மருந்துக்கடைக்காரி சொன்னாள். பெற்றவள் வீட்டில் இல்லாமல் பின்னறையில் கிடப்பது என்ன நியாயம் என்றாள். ஓவியர் தடுக்கவில்லை. எடுத்துப்போனால் இப்படியே நின்றுவிடுவாள், விட்டுப்போனால் வயதாகி ஒரு நாள் நாற்காலிதான் இருக்கும், இரண்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்றார். நிற்கட்டும், நிற்பதுதான் நல்லது, இன்னொரு தடவை என்னால் முடியாது என்று தையல்காரி சொன்னாள். படத்தைக் காரில் இருந்த போர்வையில் சுற்றி, பின் இருக்கையில் தன் மடியில் நிறுத்திவைத்துக்கொண்டாள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் அந்தச் சட்டம் காரின் கூரையைத் தொட்டது. மாஸ்டர், முதல் நாள் ஸ்டீயரிங் பிடிக்கும் மாணவியைப்போல ஊர்ந்து ஓட்டினாள்.

பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் தையல்காரிக்கு, இப்போது எப்படி இருக்கிறாளோ அப்படியேதானே இனிமேல் இருக்கப்போகிறாள், ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று தோன்றியது. போர்வையை விலக்கினாள். மகளின் கை மடியில் இல்லை. போர்வைக்குள் இருந்த அந்தச் சிறிது நேரத்தில், படியிறங்கும்போது ஆடிய ஆட்டத்தில் கிழிந்ததோ என்னவோ, தோள்பட்டையில் விட்டுப்போன ஓர் இடத்தைத் தைக்கத் தொடங்கியிருந்தாள். ஊசி துணிக்குள் பாதி இறங்கியிருந்தது. தலையிலிருந்து அறுக்காமல் கோத்த ஒரு முடி, நெற்றியிலிருந்து ஊசிவரை இழுபட்டு நின்றது. தைக்க வேண்டிய இடம் இன்னும் நாலு விரல்கடை இருந்தது.

தையல்காரியின் கடையில் நெருப்பே பிடித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் தையலை அவள் பாதியில் நிறுத்தமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

"நிறுத்து!" என்று கத்தினாள்.

மாஸ்டர் இரண்டு காலாலும் மிதித்தாள். கார் பாலத்தின் முதல் தூணருகே நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"என்னடீ ஆச்சு?" என்று மருந்துக்கடைக்காரி திரும்பினாள்.

"பாதித் தையல்ல நிக்குது. இப்படியே வீட்ல மாட்டிவெச்சுக்கிட்டு நான் எப்படிடீ தினம் பாப்பேன்? வண்டியைத் திருப்பு."

"திருப்பினா அவ உன் கண்ணு முன்னாடியே கிழவியாகிடுவா போலிருக்கே, தலையெழுத்து," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"ஆகட்டும். கிழவி ஆகுறதுக்குத்தான் பிள்ளையைப் பெத்தேன்."

மாஸ்டர், பாலத்தின் வாயில் திருப்பக்கூடாது என்று தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில், வண்டியைத் திருப்பினாள்.

ஓவியர் அவர்களைப் பார்த்ததும் தூரிகையைக் கழுவினார். என்ன சட்டை, என்ன மாதிரி என்று கேட்டார். சட்டை வேண்டாம் என்றாள் தையல்காரி. "துணியை மட்டும் வரைங்க. நூலும் கத்தரியும் வரைங்க. மீதியை அவ பாத்துப்பா." என்ன நிறம் என்று அவர் கேட்டார். "ஒன்பது வயசுல பச்சை பிடிக்கும். இப்போ என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியலையே," என்றாள், அன்றைக்கு அவளை அதிகம் வருத்தியது அதுதான். கடைசியில் மூன்று நிறத்தில் மூன்று சுருள் என்று முடிவாயிற்று. கை ஆட்டத்தில் துணி வரைவது சுலபம், தானாகவே மடிப்பு விழும் என்றார் ஓவியர். நூல் பளபளப்பு போதாது என்றும் கத்தரியின் திருகாணி இந்தப் பக்கம் இருந்தால் இடது கைக்கு வராது என்றும் பக்கத்தில் நின்று தையல்காரி சொல்லச் சொல்ல, மாலைக்குள் முடித்தார். படத்தை மறுபடி ஆணியில் மாட்டினார்கள். போகும்போது தையல்காரி ஜன்னலைச் சாத்திவிட்டு, "முடிச்சுட்டுப் படு," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுவருடம் அவர்கள் போனபோது அவள் சாம்பல் நிறத்தில் ஒரு நல்ல உடுப்புப் போட்டிருந்தாள். தாய்க்குப் பிடிக்காத நிறம் அது, ஆனால் வெட்டு சுத்தமாக இருந்தது. முடியைத் தோளளவு கத்தரித்திருந்தாள். பச்சைக் கவுனின் மிச்சம் நாற்காலியில் சிறு மெத்தையாகக் கிடந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு பெரிய மனுஷியின் மேல்சட்டை தொங்கியது. அதன் வலது தோள் இடதைவிட ஒரு விரல் தாழ்த்தி வெட்டப்பட்டிருந்தது. மிஷினில் குனிந்தே தையல்காரிக்கு வலது தோள் இறங்கிப்போயிருந்தது. தோழிகளுக்குக்கூட அது தெரியாது, அவள் தன் சட்டைகளை அதற்குத் தகுந்தபடி தைத்து மறைத்துவந்தாள். சென்ற வருடம் அவள் இந்தப் படத்தின் முன் நின்றுகொண்டிருந்த நேரத்தில் மகள் கண்ணாலேயே அளவெடுத்திருக்கிறாள்.

தையல்காரி தன் வலது தோளைத் தடவிக்கொண்டாள். பிறகு ஓவியரிடம், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறதா என்று கேட்டாள். ஆட்களை வரைந்து நாளாயிற்று, கை ஆடுகிறது, மூக்கு கோணலாக வரலாம் என்றார் அவர். வந்தால் வரட்டும் என்றாள். பழைய பழக்கத்தில் அவர் சால்வையை எடுத்தார். "சால்வை வேண்டாம். அவ தைச்சதையே வரைங்க," என்று சொல்லி உட்கார்ந்தாள். தோழிகள் இருவரும் அந்த நாள் முழுக்க, அசையாதேடீ என்று மாறி மாறி அதட்டிக்கொண்டு கூடவே இருந்தார்கள். சாயங்காலம் மூவரும் வழக்கம்போலப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் போயின. மாஸ்டரின் பயிற்சி நிலையத்தில் நாற்காலிப் படத்துக்கு எதிரே யாரும் செருப்போடு நிற்கக்கூடாது என்பது விதியாயிற்று. ஓவியர் காலமாகி அவர் அண்ணன் மகள் தூரிகையை எடுத்தாள். ஒரு மழைக்காலத்தில் தையல்காரியும் தன் வீட்டில், தைத்துக்கொண்டிருந்த துணியை முடித்து, மடித்து, பொட்டலம் கட்டிவைத்துவிட்டு, படுத்தவள் எழவில்லை. அந்த வருடம் போக வேண்டாம் என்றுதான் தோழிகள் இருவரும் நினைத்தார்கள். ஆனால் அந்த நாள் வந்ததும் மாஸ்டர் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள், மருந்துக்கடைக்காரியும் கடையைப் பூட்டிவிட்டுத் தயாராக நின்றிருந்தாள்.

படத்தில் தாயும் மகளும் அருகருகே இருந்தார்கள். தாய்க்கு முழுக்க நரைத்துவிட்டது, மூக்கு கொஞ்சம் கோணல்தான். மகளுக்கும் காதோரம் ஒரு வெள்ளி முடி. இருவர் மடியிலுமாக ஒரு பெரிய துணி விரிந்திருந்தது. அதன் ஓரத்தை ஆளுக்கு ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பாதியில் தையல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, மறுபாதியில் இடப்பக்கம். எதுவும் பிரிக்கப்படவில்லை. நடுவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தாய் ஊசியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்திருந்தாள்.

"கண்ணு தெரியல அவளுக்கு," என்றாள் மாஸ்டர்.

"நான்தான் சொன்னேனே, உயிரோட இருந்தப்பவே கண்ணாடி மாத்துடீன்னு. கேட்டாத்தானே," என்றாள் மருந்துக்கடைக்காரி. மூக்கைச் சிந்திவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றி, ஓவியரின் அண்ணன் மகளிடம் நீட்டினாள். "இதே மாதிரி வரைஞ்சு நாற்காலிக் கைமேல வெச்சுடும்மா. பவரைக் கொஞ்சம் கூட்டிப் போடு."

அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சரி என்றாள். முடிய நேரமாகும் என்பதால் இருவரும் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.